அரை மணி பின்னே நின்ற கொம்பியூட்டர்

வெள்ளவத்தை
12.03.1997, பிற்பகல் மூன்று மணி
(எந்த மூன்று மணி என்று ஏன் கேட்கவேண்டும் என்பது கீழே தெரியவரும்)

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

உமது வீட்டில் எல்லோரும் சுகம் என்றும், பனியில் வழுக்கி அடிபட்ட உமது முழங்கால் தேறிவருகிறது என்றும் உமது தங்கை ஜெகதீஸ்வரி, அதாவது என் மனைவி, சொல்லக் கேட்டேன். பிள்ளையார் மற்ற முழங்காலையும் காப்பாற்றட்டும். இங்கே நாங்களும் இருக்கிறோம். மரியாதைப் பகுதி இத்துடன் முடிந்தது.

போதியளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வுகூடக் கொப்பியைப் பார்த்து எழுதி என்னைவிட நாலு புள்ளி கூட எடுத்தீர்; பேசவில்லை. என் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றுகொண்டு, தலைப்பாகைக்குள் ஆளைக் காணவில்லை என்று சபைக்குக் கேட்கச் சொன்னீர், பேசவில்லை. எண்பத்துமூன்று ஏப்ரலில் விமானம் ஏறும்போது உமது புத்தகப் பெட்டிகளை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனீர். ஜூலைக் கலவரத்தில் அவை என் வீட்டோடு சேர்ந்து எரிந்தன. ஓகஸ்டில் உம்மிடமிருந்து கடிதம் வந்தது: பெட்டிகளைப் பூட்டித்தான் வைத்திருந்தேனா என்று. அதற்கும் பேசவில்லை. இப்போது பேசுவது எனக்காக அல்ல. ஆறு வளையங்களுக்காக.

31 முதல் 36 வரை இலக்கமிட்ட ஆறு வளையங்கள் வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் இரத்மலானைப் பட்டறையிலிருந்து இங்கிலாந்தில் எஞ்சின் கம்பனியில் உமது மேசைக்கு வரப் புறப்படுகின்றன. பயணிகள் விமானத்தின் எஞ்சினுக்குள், எரிபொருள் எரிகிற அறையைச் சுற்றி நிற்பவை. அவற்றை எந்த விமானத்திலும் பூட்ட விடாதேயும். இந்த ஒரு வரிக்காகத்தான் கடிதம். மிச்சமெல்லாம் இந்த வரியை நீர் நம்புவதற்காக எழுதுவது.

இடையில் இந்தக் கடிதத்தைத் திறந்து வாசிக்கப்போகும் உத்தியோகத்தருக்கும் விளங்கவேண்டும் என்பதால் உமக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். ஐயா, எங்கள் பட்டறையில் ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் ஆகன் வாயுவையும் கொஞ்சம் ஐதரசனையும் விட்டு மின்சாரத்தால் மூட்டினால் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான சுவாலை வரும். பிளாஸ்மா என்பது அதுதான். அந்தச் சுவாலைக்குள் வெள்ளைத் தூளைத் தூவினால், தூள் உருகிப் பறந்து, எதிரே சுழலும் வளையத்தில் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எஞ்சினுக்குள் நெருப்பு நிற்கும்போது உலோகத்தைக் காப்பாற்றுவது அந்தத் தோல்தான். சுவாலையில் சூடு குறைந்தால் தூள் அரைகுறையாக உருகி மணல் போல ஒட்டும். பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. பறக்கும்போது உரியும். ஆகவே வளையத்தைக் கையில் வைத்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. தூளை அடித்த நேரத்தில் மின்னோட்டம் எவ்வளவு, வாயு எவ்வளவு, தூள் எவ்வளவு என்று பார்த்துத்தான் சொல்லலாம். அதற்காகத்தான் சென்ற வருடம் ஜனவரியில் என் மைத்துனர் ஒரு கொம்பியூட்டரை அனுப்பிவைத்தார். தூள் உலர்த்தும் அடுப்பின் சூட்டையும் அது குறித்துக்கொள்வதால் இரவு பகலாக ஓடும். விநாடிக்கு ஒரு வரி எழுதும். அதைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். கொம்பியூட்டரோடு தொலைநகலில் ஒரு பாக்ஸும் வந்தது: பதிவில் ஒரு விநாடி விடுபடக்கூடாது, ஒரு விநாடி இரட்டிக்கக்கூடாது, அப்படி நடந்தால் அன்றைய வேலை முழுவதும் கழிவு. அதன் கீழே அவருடைய கையொப்பம், வாலை மூன்று சுற்றுச் சுற்றி.

இந்த நிலைமையில்தான் மே மாதம் மின்வெட்டைச் சமாளிக்க அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளியது. ஒக்டோபரில் மனம் மாறி அரை மணி பின்னே இழுத்தது. ஊரெல்லாம் கம்பியைத் திருப்பிவிட்டுப் படுத்துவிட்டது. நான் திருப்பினால் மே மாதப் பதிவில் ஒரு மணி விடுபடும், ஒக்டோபர்ப் பதிவில் அரை மணி இரட்டிக்கும். ஆகவே நான் திருப்பவில்லை. கொம்பியூட்டரைப் பழைய நேரத்திலேயே ஓடவிட்டு, வேறு யாரும் கை வைக்காதபடி மணிக்கூட்டை இரகசியச் சொல்லால் பூட்டுப்போட்டு வைத்து, அச்சாகிற ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'பழைய நேரம்' என்று ஆங்கிலத்தில் விழும்படி செய்தேன். வாழ்க்கையில் உமக்குக் கீழ்ப்படிந்தது அந்த ஒரு தடவைதான். அதன் பலனைத்தான் கீழே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் பழைய நேரத்தை விடாமல் வைத்திருந்தவர்கள் மூன்று வகை. நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பவர்கள். மத்தியானத்துக்கு முன் சாப்பிட்டு முடிக்கவேண்டிய சில பிக்குமார். மூன்றாவது வன்னியில் இருப்பவர்கள். அவர்கள் யார் என்று உமக்கும் தெரியும், இதைத் திறந்தவருக்கும் தெரியும். நான் நாலாவது வகை என்று விளங்கப்படுத்த எனக்கு ஒன்பது நாள் எடுத்தது.

பெப்ரவரி 17, திங்கட்கிழமை. வேலை முடிந்தபின் பட்டறையில் இருந்து சரிபார்க்க விடமாட்டார்கள் என்பதால் அன்றைய பதிவுத் தாளை வழக்கம்போலப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். காலி வீதிச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் பிறகு பையைப் பார்த்தான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மணந்தான். தாளை எடுத்தான். அவன் வன்னிப் பக்கம் சண்டைக்குப் போய் வந்தவன் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தலைப்பில் இருந்த இரண்டு சொல்லையும் எழுத்துக்கூட்டி வாசித்தான், தன் கைமணிக்கூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்தப் பக்கத்தவர்களின் நேரம் உனக்கு எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான். இங்கிலாந்திலுள்ள என் மைத்துனருக்காக என்றேன். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட மோசமான ஒரு வழி இருக்கவில்லை.

என்னைக் கொண்டுபோய் ஒப்படைத்த பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். அதுதான் பயமாக இருந்தது. உட்காரச் சொன்னார், தண்ணீர் தரச் சொன்னார், தாளை விரித்து ஒவ்வொரு நிரலாகக் கேட்டார். இது என்ன? வாயு. எழுதிக்கொண்டார். இது? மின்சாரம். எழுதிக்கொண்டார். இது? தூள். என்ன தூள்? வெள்ளைத் தூள். எவ்வளவு சூடு? சூரியனைப் போல. எதற்காக? விமானத்துக்காக. எங்கே? இரத்மலானையில், விமானநிலையத்துக்குப் பின்பக்கம். அந்தக் குழலுக்கு ஆங்கிலத்தில் துப்பாக்கி என்று பெயர் என்பதை நான் சொல்லவில்லை. அது தாளிலேயே இருந்தது. எழுதியதை அவர் எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டினார். கேட்கும்போது எனக்கே என்னைப் பிடித்து உள்ளே போடவேண்டும்போல இருந்தது.

மறுநாள் காலை எங்கள் வீட்டைச் சோதித்தார்கள். மொழிபெயர்க்க ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் தங்கியிருப்போரின் பொலிஸ் பதிவுப் பத்திரம் சரி, ஆட்கள் சரி, அலுமாரி சரி. அடுப்படியில், குசினியில்தான் மாட்டுப்பட்டோம். குசினி மணிக்கூடு அரை மணி பின்னே நிற்கிறது. கொம்பியூட்டர் ஒன்று, வீட்டு மணிக்கூடு ஒன்று, இனி இது தற்செயல் இல்லை என்று இன்ஸ்பெக்டரின் முகத்தில் தெரிந்ததாம். உமது தங்கை பயந்தவள் இல்லை என்பது உமக்குத் தெரியும். பயந்திருந்தால் நல்லது.

"ஐயா, ராகுகாலம் அரசாங்கம் சொல்லி மாறுறதே? நல்லது கெட்டதுக்கு நேரம் பாக்கத்தான் இந்த மணிக்கூடு. முன் அறையிலை உங்கடை நேரந்தான் ஓடுது. வந்து பாருங்கோவன்" என்றிருக்கிறாள்.

மொழிபெயர்த்தவர் மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டு 'உங்கடை நேரம்' என்பதை மட்டும் மிகச் சரியாக மொழிபெயர்த்தார்.

அன்று பின்னேரம் என்னைத் திரும்பவும் விசாரித்துக்கொண்டிருக்கும்போது இன்ஸ்பெக்டருக்கு வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. மகளுக்குக் கலியாணம். சோதிடர் மணவறை ஏறும் நேரத்தைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் என் வாக்குமூலத்தின் ஓரத்திலேயே ஒன்பது நாற்பத்திரண்டு என்று எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பரண வெலாவத?" என்று கேட்டார். பழைய நேரமா என்று. மறுபக்கம் ஓம் என்றிருக்கவேண்டும். எழுதியதை வெட்டிப் பத்து பன்னிரண்டு என்று எழுதினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் நான் சுவரைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு மேற்கொண்டு இரண்டு நாள் என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

உள்ளே பதினெட்டுப் பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்க இடம் போதாது. முறை வைத்துப் படுத்தோம். படித்தவன் என்பதால் முறைப்பட்டியலை என்னிடம் விட்டார்கள். எனக்கு அடுத்த இடம் வேலுசாமிக்கு. பதுளைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்து கொழும்பில் புதுக்கடைப் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் றொட்டி போடுகிறவன். அவனுடைய அட்டையில் ஒரு பிறந்த திகதி, கடை முதலாளி நிரப்பிய பத்திரத்தில் இன்னொரு பிறந்த திகதி, அவ்வளவுதான் அவன்மேல் இருந்த குற்றம். "நான் பொறந்தப்ப யாருங்கய்யா மணி பாத்தது, நீங்க ஒரு நல்ல தேதியா பாத்து எழுதிக் குடுங்க" என்பான். ஐந்தாம் நாள் பின்னேரம் அவனைக் கூப்பிட்டார்கள். திரும்பிவரவில்லை. விட்டுவிட்டார்களா வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்களா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அவனுடைய முறை வந்தபோது அந்த ஆறடியும் வெறுமையாகக் கிடந்தது. நின்றுகொண்டு தூங்கியவர்கள்கூட அதில் படுக்கவில்லை. பட்டியலில் அவனுடைய வரியை நான் வெட்டவில்லை. பதிவில் ஓர் இடைவெளி; அதற்கு மட்டும் எவரும் பாக்ஸ் அனுப்பி விளக்கம் கேட்கவில்லை.

ஜெகதீஸ்வரி ஒவ்வொரு நாளும் இடியப்பப் பார்சலோடு வந்து வாசலில் நின்றுவிட்டு, அங்கிருந்து புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் போனாள். அவர் ஒன்பது நாளும் நாளைக்கு என்றார். என்னை வெளியே எடுத்தது அவர் அல்ல, எங்கள் மனேஜர் றேமண்ட். கொட்டாஞ்சேனைக்காரர், மெழுகுதிரி கொளுத்தாமல் ஒரு வேலையும் தொடங்கமாட்டார். பட்டறையின் கடிதத்தாளில் எழுதிக் கொடுத்தாராம்: குறித்த கொம்பியூட்டரின் மணிக்கூடு பெப்ரவரி 20ஆம் திகதி காலை இலங்கை நேரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது, இனிமேல் அப்படி நடக்காது என்று. அந்தக் கடிதத்தை வைத்து 26ஆம் திகதி என்னை விட்டார்கள். வெளியே வந்து றேமண்டின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எப்படியும் உமது தங்கை சொல்லுவாள்.

பத்து நாளுக்குமேல் காய்ச்சலில் கிடந்துவிட்டு இந்தத் திங்கட்கிழமைதான் வேலைக்குப் போனேன். சுவர்மணிக்கூட்டில் எட்டு முப்பத்தைந்து. கொம்பியூட்டரில் எட்டு ஐந்து. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எட்டு ஆறு. எதற்காக என்னை ஒன்பது நாள் வைத்திருந்தார்களோ அந்த நேரத்திலேயே சனியன் இன்னும் ஓடுகிறது. ஒருவரும் மாற்றவில்லை. மாற்றியாயிற்று என்ற கடிதம் மட்டும்தான் உண்மையில் நடந்தது.

குழல் பிடிக்கிற முஹம்மது கையுறையைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். பதினைந்து வருடம் நெருப்பைப் பார்த்த மனிதன். கொம்பியூட்டர் சொல்லமுன் சத்தத்தைக் கேட்டே பிழை சொல்லுவான்.

"சேர், நீங்க இல்லாத வியாழக்கெழம கரண்ட் விழுந்த. நெருப்பு கட்டையாப் போன, தூள் உருகாமக் கொட்டுன. நான் நிப்பாட்டுன. மனேஜர் வந்து, நிப்பாட்டாத, அடி, சாமான் பிந்தினா கம்பனிய மூடத்தான் வேணும்னு சொன்ன. ஆறு ரிங்க்கும் அப்படித்தான் அடிச்ச. நான் அல்லாவுக்குச் சொல்லியாச்சு, இப்ப உங்களுக்கும் சொல்லியாச்சு."

20ஆம் திகதிப் பதிவை எடுத்தேன். பத்து மணிக்கு ஒரு வரி. அடுத்த வரி பத்து மணி முப்பது நிமிடம் ஒரு விநாடி. நடுவில் ஒன்றுமில்லை. ஓரத்தில் றேமண்டின் குறிப்பு: பொலிஸ் அறிவுறுத்தலின்படி மணிக்கூடு அரை மணி முன்னே மாற்றப்பட்டது. அப்படியானால் அந்த இரண்டு வரிக்கும் இடையில் ஒரே ஒரு விநாடிதான் கழிந்திருக்கவேண்டும். அந்த ஒரு விநாடியில் ஆகன் சிலிண்டரின் அமுக்கம், அரை மணி நேரம் தொடர்ந்து அடித்தால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறங்கியிருக்கிறது. மச்சான், அரசாங்கம் தள்ளிய அரை மணிக்குள் ஆறு வளையத்தை ஒளித்துவைத்திருக்கிறார் அந்த மனிதர். கெட்ட வரிகளை அழிக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் பூட்டிய மணிக்கூட்டைத் திருப்பத்தான் தெரியவில்லை. என்னை வெளியே எடுத்த கடிதமும் அந்த வளையங்களை வெளியே அனுப்பப்போகிற குறிப்பும் ஒரே பொய்தான். ஒரு பொய்யை இரண்டு வேலைக்குப் பாவித்திருக்கிறார். அவரும் என்ன செய்வார்? பிந்தினால் ஒப்பந்தம் இல்லை என்று பெப்ரவரி தொடக்கத்தில் இன்னொரு பாக்ஸ் வந்ததாம். கீழே வால் மூன்று சுற்று.

றேமண்டிடம் போய்க் கேட்டேன். கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. வளையங்களுக்கான அத்தாட்சிப் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார். பதிவு முழுமையானது, இடைவெளி மணிக்கூட்டு மாற்றத்தால் ஏற்பட்டது என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே பதிவுப் பொறுப்பாளர் என்று என் இடம்.

"மிஸ்டர், என்ட லெட்டராலதான் நீங்க வெளிய வந்தது. அதில என்ன இருக்கு? இருபதாந் திகதி நேரம் மாத்தியாச்சு எண்டு. மாத்தயில்ல எண்டு நீங்களே போய்ச் சொன்னா, எனக்கு வேல போகும், அவ்வளவுதான். உங்கள விட்டது பிழை எண்டு அவங்க நினைப்பாங்க. பிறகு நான் எத்தின லெட்டர் குடுத்தும் வேலையில்ல."

சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. பயமுறுத்தவும் இல்லை. என் நிலைமையை என்னைவிட அழகாக விளங்கிவைத்திருந்தார். நான் எழுந்து நின்று, இருநூறு பேர் ஏறுகிற சாமான், இதற்கு என் கை போகாது என்றேன். யோசியுங்கள் என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்று கதவைத் திறந்துகொண்டு வந்தேன். உமக்கு இப்படி ஒரு கதவைத் திறக்கவேண்டி வந்ததில்லை.

ஏன் பாக்ஸ் அனுப்பவில்லை என்று கேட்பீர். பாக்ஸ் றேமண்டின் அறையில் இருக்கிறது. தொலைபேசியில் சொல்லவில்லையா என்பீர். வெள்ளவத்தைக் கொமியூனிகேஷன் கடையில் பெட்டிக்குள் நின்று வாயு, தூள், விமானம் என்று நான் கத்திச் சொல்ல, வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்கிறீரா? ஆகவே கடிதம். வளையங்களும் வெள்ளிக்கிழமை விமானத்தில்தான் வருகின்றன. இரண்டும் ஒரே விமானத்தில் வந்தாலும் வரும். கடிதத்தை முதலில் பிரியும்.

உமது மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் தமிழ் மறந்தாலும் பரவாயில்லை, கணிதம் மறக்கவிடாதேயும். நீர் போன வருடம் அனுப்பிய கம்பளிச் சட்டையை ஜெகதீஸ்வரி குளிர்சாதனப் பெட்டிக்கு உறையாகப் போட்டிருக்கிறாள், நன்றாகப் பொருந்துகிறது. உமது குடும்பம் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ முருகன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,

பி.கு.: மடிக்குமுன் ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். எழுதியதெல்லாம் உண்மை. கை போகாது என்று சொன்னதும் உண்மை, அது திங்கட்கிழமை. நேற்று செவ்வாய்க்கிழமை. காலை றேமண்ட் என் மேசைக்கு வந்து, இன்ஸ்பெக்டர் பன்னிரண்டு மணிக்கு மணிக்கூட்டைப் பார்க்க வருகிறார் என்று சொல்லிவிட்டு, பத்திரத்தையும் பேனையையும் வைத்துவிட்டுப் போனார். நான் இருநூறு பேரை நினைக்கத்தான் பார்த்தேன். ஆறடி வெறும் நிலம்தான் கண்ணுக்குள் வந்தது. பதினொன்றேகாலுக்குக் கையொப்பம் வைத்தேன். பதினொன்றரைக்கு, பூட்டைத் திறந்து, கொம்பியூட்டரின் மணிக்கூட்டை என் கையாலேயே அரை மணி முன்னே தள்ளினேன். இன்ஸ்பெக்டர் வந்தார், தன் கைமணிக்கூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார், அவருடையது ஐந்து நிமிடம் பிந்தியிருந்தது, அதைத் திருத்திக்கொண்டார். தேநீர் குடித்தார். மகளின் கலியாணம் நல்லபடி நடந்தது என்றார்.

ஆகவே வளையங்களோடு வரும் பத்திரத்தில் இருப்பது என் கையொப்பம்தான். அதை நம்புவது உமது உத்தியோகம். ஆனால் மார்ச் 11ஆம் திகதிப் பதிவையும் கேட்டு வாங்கும். அதிலும் ஓர் அரை மணித் தாவல் இருக்கிறது. அதை ஏதாவது வரிகள் போட்டு நிரப்பச் சொன்னார் றேமண்ட், மறந்துவிட்டேன். 20ஆம் திகதி அரை மணியும் 11ஆம் திகதி அரை மணியும் உண்மையிலேயே தள்ளியிருந்தால் இந்தக் கொம்பியூட்டர் இப்போது நாட்டைவிட அரை மணி முந்தி ஓடவேண்டும். அது சரியான நேரம் காட்டுகிறது. என் கொப்பியைப் பார்க்காமலே இந்தக் கணக்கு உமக்கு வரும் என்று நினைக்கிறேன்.

மேலே 'இப்படிக்கு' என்பதன் கீழ் வெறுமையாக விட்டிருக்கிறேன். பத்திரத்தில் இருக்கிற அதே கையொப்பத்தை இங்கேயும் வைத்தால் எதை நம்புவது என்று உமக்குக் குழப்பம் வரும். ஜெகதீஸ்வரியின் புருஷன் யார் என்று கண்டுபிடிக்க உமக்கும் நேரம் எடுக்காது, இதைத் திறக்கிறவருக்கும் எடுக்காது. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் தபாற்கந்தோர் பூட்டமுன், கையொப்பம் இல்லாமலே கொண்டுபோய்ப் போடுகிறேன்.